சிலர் பிழையும் பலர் பழியும்

தோற்றுவாய்

இவ்வாண்டு எம் வகுப்பிற் சிலப்பதிகாரம் பயின்றபொழுது, கதையின் பெருநிகழ்ச்சிகளுக்கு இடையே எளிதிற் கண்ணுக்குத் தப்பிப்போகும் சிறு செய்தியொன்று என் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. கோவலன் கொலையுண்டதற்குக் காரணமாயிருந்தவன் ஒரு பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் தான் கவர்ந்துகொண்டு, அப்பழியை அயல்நாட்டினின்றும் வந்த வணிகன்மேல் ஏற்றிய வஞ்சகன் அவன். அவன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியன் உயிர் துறந்தான், மதுரை எரியுண்டது. அதன் பின்னர், நாட்டில் மழையின்றிப் பஞ்சமும் நோயும் பரவவே, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியின் சினந்தணியும் பொருட்டுப் பொற்கொல்லர் 1,000 பேரைப் பலியிட்டான் என்று அந்நூல் கூறுகின்றது.

வஞ்சித்தவன் ஒருவன்; மாண்டவர் ஆயிரவர். அவ்வாயிரவருள் எத்துணைப் பேர் அவ்வஞ்சகனை ஒருமுறையேனும் கண்டிருப்பர்? அவன் செய்த தொழிலைத் தாமும் செய்தனர் என்பதன்றி அவர் செய்த குற்றம் யாது? அவர்தம் பெயரையோ, அவர் மனைவி மக்கள் பட்ட துயரையோ கூறாது கதை மேற்செல்கின்றது. படிக்கும் நாமும் மேற்செல்கின்றோம்.

ஒருவன் செய்த தீமைக்காக அவன் குலத்தாரையும் சமயத்தாரையும் ஒருங்கே பழித்தல் மக்களினத்தின் பழைய நோய்களுள் ஒன்று. இந்நோய் சமயத்துறையிற் புகும்பொழுது மிகக் கொடிதாகின்றது. ஏனெனில், சமய வெறியன் தன் தீச்செயலுக்குத் தன் கடவுளையே சான்றாகக் காட்டுகின்றான். தன் சமயத்தார் அனைவர் சார்பாகவும் தானே நின்று செய்வதாகப் பறைசாற்றுகின்றான். அயலாரோ, அவன் கூறும் பிறவற்றையெல்லாம் பொய்யெனத் தள்ளி, இஃதொன்றை மட்டும் மெய்யெனக் கொண்டு, அக்கடவுளை வணங்குவார் அனைவரையும் அவனோடு ஒருங்கு வைத்து எண்ணுகின்றனர். அவன் விரும்பியதும் அதுவேயன்றோ?

இதனை விளக்குதற்குப் பிற சமயத்தாரின் குறைகளை எடுத்துரைத்தல் எளிது. ஆயினும், தன் கண்ணிலுள்ள உத்திரத்தை முதலிற் காணல் வேண்டும் என்பது நம் ஆண்டவர் கற்பித்த முறை. யான் சீர்திருத்தச் சபையிற் பிறந்து வளர்ந்தவன். ஆதலின், அச்சபையைச் சார்ந்தார் ஆங்கில நாட்டிற் கத்தோலிக்கர்க்கு இழைத்த பிழையொன்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன். இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது எம் விடுதியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

பதின்மூவர் சூழ்ச்சி

1605-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ஆம் நாள் முதலாம் ஜேம்ஸ் மன்னர் இலண்டனிற் பார்லிமெண்டைத் திறந்து வைப்பதாயிருந்தது. அதற்கு முன்னிரவில் பிரபுக்கள் சபையின் கீழிருந்த நிலவறையைச் சோதித்தோர், விறகுக் குவியலின் மறைவில் 36 பீப்பாய் வெடிமருந்தையும், அதனைக் காத்திருந்த கய் பாக்ஸ் என்பவனையும் கண்டனர். அரசரும் பிரபுக்களும் ஆயர்களும் மக்கட் பிரதிநிதிகளும் ஒருங்கு கூடியிருக்கும் வேளையில் அனைவரையும் ஒருசேர அழித்தலே கருத்து. சூழ்ந்தவர் 13 பேர். அவர்க்குத் தலைவன் ராபர்ட் கேட்ஸ்பி. பதின்மூவரும் கத்தோலிக்கர்.

அவர்க்கு மனக்குறை இல்லாமலில்லை. ஆங்கிலச் சபையின் வழிபாட்டிற்கு வாராத கத்தோலிக்கர் மாதம் 20 பவுன் தண்டம் இறுக்கவேண்டும் என 1581-இல் விதிக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டிற் குருப்பட்டம் பெற்று நாட்டினுட் புகும் ஆங்கிலக் குருமார் 1585-ஆம் ஆண்டுச் சட்டப்படி இராஜத் துரோகிகள். 1603-இல் ஜேம்ஸ் அரியணை ஏறியபொழுது இச்சட்டங்கள் தளரும் என எதிர்பார்த்த கத்தோலிக்கர் ஏமாற்றமடைந்தனர். இவை அச்சூழ்ச்சிக்குக் காரணமாகலாம், நியாயம் ஆகா. பல நூற்றுவரைக் கொல்லத் துணிந்தவரை எக்காரணங் கொண்டும் நல்லவரெனல் இயலாது.

ஆயினும், ஏனைக் கத்தோலிக்கர் அப்பொழுது செய்தது யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். பார்லிமெண்டிற்குச் செல்லாதிருக்குமாறு எச்சரிக்கும் பெயரிலாக் கடிதமொன்று அக்டோபர் 26-ஆம் நாள் மாண்டீகிள் பிரபுவுக்குக் கிட்டியது. அவர் கத்தோலிக்கராக அறியப்பட்டவர். கடிதத்தை அவர் மறைத்தாரல்லர். அன்றிரவே அமைச்சர் ராபர்ட் செசிலிடம் கொண்டு சேர்த்தார். சூழ்ச்சி வெளிப்பட்டபின் நாட்டின் நடுப்பகுதிக்கு ஓடிய கேட்ஸ்பி கூட்டத்தார், ஆண்டுள்ள கத்தோலிக்கர் தமக்குத் துணையாய்க் கிளர்ந்தெழுவர் என நம்பினர். எவரும் எழவில்லை. அவருள் ஒருவனுடைய மாமனாரே உதவி வேண்டி வந்தோரைத் தம் வாயிலினின்றும் துரத்தினார். நவம்பர் 8-ஆம் நாள் கேட்ஸ்பி சுடப்பட்டு இறந்தான். அந்நாளில் ஆங்கிலக் கத்தோலிக்கக் குருமார்க்குத் தலைவராயிருந்த ஜார்ஜ் பிளாக்வெல் என்பார் அச்சூழ்ச்சியைக் கண்டித்துத் தம் மக்களுக்கு உடனே நிருபம் விடுத்தார்.

எளிய விசுவாசிகளின் தீர்ப்பு இங்ஙனம் சொல்லாலும் செயலாலும் வெளிப்பட்டது. அதனைக் கண்டு கொள்ளும் கண் நாட்டிற்கு இல்லாது போயிற்று.

மன்னர் கண்டதும் சட்டம் மறந்ததும்

முழுதும் இல்லாது போயிற்று எனலும் ஆகாது. உயிர்தப்பிய மன்னரே நவம்பர் 9-ஆம் நாள் பார்லிமெண்டிற் பேசியபொழுது, உரோமைச் சமயத்தைத் தழுவிய அனைவரும் இக்குற்றத்திற்கு உடந்தையர் ஆகார் என வேறுபிரித்துக் கூறினார். கொலைக்குத் தப்பி நான்கு நாள் ஆகுமுன்னர் இவ்வளவு நடுநிலையோடு ஒருவர் பேசினார் என்பது வியக்கத்தக்கது.

ஆனால், அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட சட்டங்களில் அவ்வேறுபாடு காணப்படவில்லை. 1606-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, ஆங்கிலச் சபை வழிபாட்டிற்கு வாராதவர் எனத் தீர்க்கப்பட்ட கத்தோலிக்கர் வழக்கறிஞராகவோ மருத்துவராகவோ தொழில் செய்தல் கூடாது. தலைநகரைச் சூழ்ந்த பத்து மைல் எல்லைக்குள் வருதற்கும் தடை. வெடிமருந்து வைத்தவர் பதின்மூவர். தொழிலிழந்தவரோ அதனைக் கனவிலும் கருதாத மருத்துவரும் வழக்கறிஞரும் ஆவர்.

அவ்வாண்டிலேயே அரசபத்தி உறுதிமொழியொன்றும் வகுக்கப்பட்டது. உண்மைக் குடிகளையும் துரோகிகளையும் பிரித்தறிதலே அதன் நோக்கமென மன்னர் கூறினார். நோக்கம் நன்று. ஆனால், மன்னர்க்கு உண்மையாயிருப்பேன் என்று கூறுதல் மட்டும் அதற்குப் போதவில்லை. அரசரை நீக்கப் பாப்பரசர்க்கு உரிமை உண்டு என்னுங் கோட்பாட்டைப் பதிதம் எனப் பழித்தும் ஆணையிடல் வேண்டும். நாட்டிற்கு உயிரைக் கொடுக்கவும் ஒருப்பட்டிருந்த பலர், தம் திருச்சபையின் தலைவரை இங்ஙனம் பழித்துரைக்க மனம் ஒருப்படாது தயங்கினர். பாப்பரசர் ஐந்தாம் பவுல் அவ்வுறுதிமொழியை விலக்கினார்.

சூழ்ச்சியைக் கண்டித்த பிளாக்வெல் 1607-இல் அவ்வுறுதிமொழியை ஏற்றார். உரோமாபுரி 1608-இல் அவரைத் தலைமையினின்றும் நீக்கிற்று. ஆங்கில அரசோ அவரைச் சிறையினின்றும் விடுவிக்கவில்லை. 1613-இல் அவர் இறந்தார். மத்தளத்திற்கு இருபுறமும் அடி என்பது போல, வெறியர்க்கும் அஞ்சுவோர்க்கும் நடுவில் நிற்கும் எளிய விசுவாசியின் நிலை எத்தகையது என்பதற்கு இவர் வாழ்க்கை ஒன்றே அமையும்.

அச்சம் வளர்ந்த வகை

சீர்திருத்தச் சபையாரின் அச்சம் காரணமற்றது எனக் கூறின் உண்மைக்கு மாறாகும். மேரி அரசியின் ஆட்சியில் 1555 முதல் 1558 வரை ஏறக்குறைய 280 பேர் சீர்திருத்தக் கொள்கைக்காக உயிரோடு எரிக்கப்பட்டனர். 1570-இல் பாப்பரசர் ஐந்தாம் பியூஸ் எலிசபெத்து அரசியைச் சபைக்குப் புறம்பாக்கி, அவருக்குக் கீழ்ப்படிதலினின்றும் குடிகளை விடுவித்தார். 1572-இல் பாரிசு நகரிற் புனித பர்த்தலோமேயு திருநாளன்று சீர்திருத்தச் சபையார் ஆயிரக்கணக்கில் வெட்டுண்டனர். இவற்றைக் கேட்டோர் அஞ்சுதல் இயல்பு.

அச்சங் கொள்ளுதல் பிழையன்று. அச்சத்தைப் பேணி வளர்த்தலே பிழை. ஆங்கில நாட்டில் அஃது ஆண்டுதோறும் விழாவெடுத்து வளர்க்கப்பட்டது. நவம்பர் 5-ஆம் நாளை நன்றியறிதல் நாளாகக் கொண்டாடல் வேண்டுமெனச் சட்டம் விதித்தது. கோயில்தோறும் பிரசங்கம், தெருத்தோறும் சொக்கப்பனை, பற்பல இடங்களிற் பாப்பரசரின் உருவம் கொளுத்தப்பெற்றது. கத்தோலிக்கர் ஒருவரையும் கண்டறியாத குழந்தை, கத்தோலிக்கர் இன்னார் என்பதை அத்தீயின் ஒளியிலேயே முதன்முதற் கற்றது. அண்டை வீட்டாரைக் கண்டு கற்றிருக்க வேண்டியதை எரியும் பொம்மையைக் கண்டு கற்றது.

இங்ஙனம் கற்பிக்கப்பட்ட நெஞ்சிற்கு எவ்வகைத் தீங்கு நேரினும் காரணம் முன்னரே ஆயத்தமாயிருந்தது. 1666-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இலண்டனைப் பெருந்தீ எரித்தது. தீ தோன்றிய இடம் ஒரு ரொட்டிக் கடை. மக்களோ கத்தோலிக்கர் வைத்த தீ என்றனர். பிரெஞ்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளியாகிய ராபர்ட் ஹியூபர்ட் என்பவன் தானே தீ வைத்ததாகப் பிதற்ற, அவனைத் தூக்கிலிட்டனர். தீப்பற்றி இரண்டு நாள் கழிந்த பின்னரே அவன் இலண்டனில் இறங்கினான் என்பது பின்னர்த் தெரிந்தது. அங்ஙனம் தெரிந்தும், தீயின் நினைவாக எழுப்பிய தூணில் அக்கேட்டைக் கத்தோலிக்கர்மேல் ஏற்றும் வாசகம் 1681-இற் பொறிக்கப்பட்டது. கல்லில் எழுதிய பொய்க்கு ஆயுள் மிகுதி. இடையிற் சில ஆண்டுகள் அழிக்கப்பட்டு மீண்டும் வெட்டப்பெற்ற அவ்வாசகம் முடிவாக நீக்கப்பட்டது 1830-இலேயாம்.

பொய்ச்சான்று

அச்சம் நிறைந்த ஊரிற் பொய்யனுக்குப் பஞ்சமில்லை. டைட்டஸ் ஓட்ஸ் என்பவன் ஆங்கிலச் சபையிற் குருவாயிருந்தவன். கத்தோலிக்கனாக நடித்து அவர்தம் கல்லூரிகளிற் சேர்ந்து, அவற்றினின்றும் துரத்தப்பட்டவன். அவன் 1678-இல், இரண்டாம் சார்லஸ் மன்னரைக் கொல்ல இயேசு சபைக் குருமார் சூழ்கின்றனர் என்றொரு கதை கட்டினான். அவன் வாக்குமூலத்தைப் பெற்ற நியாயாதிபதி காட்பிரே என்பார் அக்டோபரில் இறந்து கிடந்தார். அவ்வளவே, நகரம் அறிவிழந்தது. கத்தோலிக்கர் தலைநகரை விட்டு அகற்றப்பட்டனர். கத்தோலிக்கப் பிரபுக்கள் பார்லிமெண்டில் அமரும் உரிமையை இழந்தனர். குற்றமற்றோர் பதினைவர்க்குக் குறையாது தூக்கு மேடையேறினர்.

அவருள் இறுதியானவர் அயர்லாந்து நாட்டுப் பேராயர் ஆலிவர் பிளங்கெட். அவர் வழக்கு இருமுறை எடுக்கப்பட்டது. முதன்முறை அயர்லாந்தில், டண்டாக் நகரில். நடுவராய் அமர்வோர் அனைவரும் சீர்திருத்தச் சபையார் என அறிந்தும் அவர் அஞ்சவில்லை. குற்றஞ்சாட்டிய சான்றினரே முன்வரத் துணியாமையால் வழக்குச் சரிந்தது. பின்னர் அவரை இலண்டனுக்குக் கொணர்ந்தனர். தம் சான்றினரை வரவழைக்க அவர் வேண்டிய காலம் முழுதும் ஆண்டு அளிக்கப்படவில்லை. 1681-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நாள் அவர் கொல்லப்பட்டார். அவரை அறிந்தோர் இடையே பொய் நிலைபெறவில்லை. அவரை அறியாதோர் இடையே அஃது உண்மையாய் உலவிற்று. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க.

பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியனும் ஓட்ஸ் சொல்லைக் கேட்ட இலண்டனும் செய்த பிழை ஒன்றே. ஆராய்ந்தபின் நம்புதல் வேண்டும் என்பதற்கன்றோ வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என அதிகாரமொன்று வகுத்தார்? 1685-இல் ஓட்ஸ் பொய்யாணையிட்டவன் எனத் தீர்க்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டான். பிளங்கெட் 1975-இற் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆயினும், போன உயிர் மீளுமோ?

நல்லோரும் தவறினர்

இத்தவறு கல்லாத கும்பலுக்கே உரியது என எண்ணி நாம் ஆறுதல் கொள்ளலாகாது. எழுத்துரிமைக்காக 1644-இல் ‘ஏரியோபாஜிட்டிகா’ எழுதிய மில்டன், கத்தோலிக்கர்க்கு மட்டும் அப்பொறுமையை அளிக்க மறுத்தார். 1689-இற் சமயப் பொறுமையைப் பற்றி எழுதிய லாக், அயல்நாட்டுத் தலைவர்க்குக் கீழ்ப்பட்ட சமயத்தாரை அதற்குப் புறம்பாக்கினார்.

என் உள்ளத்தை மிகவும் வருத்துவது ஜான் வெஸ்லியின் செய்தி. அவர் 1749-இல் டப்ளினிலிருந்து உரோமன் கத்தோலிக்கர் ஒருவர்க்கு எழுதுவதாக ஒரு நிருபம் வெளியிட்டார். வேறுபாடுகள் இருப்பினும் ஒருவரையொருவர் நேசித்தல் கூடுமென்பது அதன் கருத்து. அத்தகையவரே, 1780-ஆம் ஆண்டு தொடக்கத்தில், எந்த அரசும் கத்தோலிக்கர்க்கு இடங்கொடுத்தலாகாது எனப் பத்திரிகைக்கு எழுதினார். பதிதர்க்குக் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டுவதில்லை என்பது கத்தோலிக்கர் கொள்கை; ஆதலின் அவர் ஆணையிட்டாலும் நம்பலாகாது என்பது அவர் காட்டிய காரணம்.

இக்காரணத்தைச் சற்றே ஆய்ந்து பார்மின். ஒருவன் சொல்வதெல்லாம் பொய் என முன்னரே முடிவு செய்துவிட்டால், அவன் எச்சொல்லாலும் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது. ஒப்பினாற் குற்றவாளி; மறுத்தாற் பொய்யன்; வாளாவிருந்தாற் கள்வன். வாயில் இல்லாத சிறை அது. தப்பெண்ணம் என்பது இச்சிறையேயாம்.

அவ்வாண்டு ஜூன் மாதம் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. கத்தோலிக்கர்க்குச் சிறிது தளர்வு அளித்த 1778-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கவேண்டி, ஜார்ஜ் கார்டன் பிரபு ஜூன் 2-ஆம் நாள் பல்லாயிரவரைத் திரட்டிப் பார்லிமெண்டிற்கு நடத்திச் சென்றார். அக்கூட்டம் விரைவிற் கும்பலாயிற்று. ஒரு வாரம் இலண்டன் எரிந்தது. சார்தீனியத் தூதரின் சிற்றாலயமும், ஐரிஷ் ஏழைகளின் குடியிருப்பும், லாங்டேல் என்னுங் கத்தோலிக்கரின் சாராயச் சாலையும், நியூகேட் சிறையும் தீக்கிரையாயின. இங்கிலாந்து பாங்கியும் தாக்கப்பட்டது. இறுதியிற் படை வந்து சுட, 280-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அக்கும்பல் சீர்திருத்தச் சபையின் பெயரையே கூவிக்கொண்டு சென்றது. ஆனால், அச்சட்டத்தைக் கொணர்ந்த சர் ஜார்ஜ் சாவில் யார்? சீர்திருத்தச் சபையினர். அவர் வீட்டையும் கும்பல் தாக்கிற்று. கத்தோலிக்கர்க்காக வாதாடிய எட்மண்டு பர்க் யார்? அவரும் அச்சபையினரே. கார்டன் கும்பலைக் கொண்டு எம்மை அளக்கலாமா என ஒருவர் வினவின், ஆகாது, சாவிலையும் பர்க்கையும் காண்மின் என்றன்றோ நாம் விடை கூறுவோம்? அவ்விடையை நமக்கு வேண்டுவோமாயின், மாண்டீகிளையும் பிளாக்வெல்லையும் காட்டுங் கத்தோலிக்கர்க்கு அதனை எங்ஙனம் மறுத்தல் இயலும்?

வினவிய காலம்

இனி, இந்நோய் தீர்ந்த வகையைக் காண்போம். 1788-இல் ஆங்கிலக் கத்தோலிக்கர் தமக்கு உரிமை வேண்டியபொழுது, முதலமைச்சர் இளைய பிட், அச்சத்திற்கு அடிப்படையாய் நின்ற ஐயங்களை நேரே எடுத்து வினவச் செய்தார். பாரிசு, லூவேன், டூவே, அல்கலா, வல்லடோலிட், சலமங்கா என்னும் ஆறு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மூன்று வினாக்கள் அனுப்பப்பட்டன. பாப்பரசர்க்கு இங்கிலாந்தில் உலகியல் அதிகாரம் உண்டோ? குடிகளை அரசபத்தி ஆணையினின்றும் விடுவிக்க அவரால் இயலுமோ? பதிதர்க்குக் கொடுத்த வாக்கை மீறலாம் எனக் கத்தோலிக்க விசுவாசம் கற்பிக்கின்றதோ? 1789-இல் ஆறு கழகங்களும் மூன்று வினாக்களுக்கும் இல்லை என்றே விடையளித்தன.

அவ்விடை ஆட்சியாளர்க்குத் துணையாயிற்று. 1791-ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடவும் வழக்கறிஞராகத் தொழில் செய்யவும் இடந்தந்தது. 1828-இல் டேனியல் ஓகானல் அயர்லாந்திற் கிளேர் தொகுதியினின்றும் தேர்ந்தெடுக்கப்பட, 1829-இற் பார்லிமெண்டில் அமரும் உரிமையும் கத்தோலிக்கர்க்குக் கிட்டியது. நவம்பர் 5-ஆம் நாள் நன்றியறிதற் சட்டம் 1859-இல் நீங்கிற்று. கத்தோலிக்கரை மணந்தவர் அரியணை ஏறலாகாது என்ற விதியும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றப்பட்டது. கத்தோலிக்கர் மன்னராதற்குள்ள தடை மட்டும் இன்றும் நிற்கின்றது. உரிமை பெற்ற கத்தோலிக்கர் நாட்டைக் கவிழ்த்தனரோ? இல்லை. அஞ்சிய ஒன்றும் நிகழவில்லை.

1606-ஆம் ஆண்டு உறுதிமொழியும் ஒரு வினாவே. 1788-ஆம் ஆண்டில் அனுப்பியதும் வினாவே. ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு பெரிது. முன்னது குற்றவாளியை வினவுதல். விடை எதுவாயினும் வினவுவோன் நெஞ்சு மாறாது. பின்னது அயலானை வினவுதல். விடையைக் கேட்டுத் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வினவுவோன் ஒருப்பட்டிருக்கின்றான். முன்னதற்கு வாய் மட்டும் போதும். பின்னதற்குச் செவியும் வேண்டும்.

விடுதியில் நிகழ்ந்தது

தொடக்கத்திற் குறித்த நிகழ்ச்சியை இனிக் கூறுவேன். ஒரு நாள் இரவு விடுதியில் உணவருந்திக் கொண்டிருந்தபொழுது, நண்பர் ஒருவர் அன்றைய செய்தியைப் படித்தார். தொலைவிலுள்ள ஓரிடத்திற் சிலர் தம் சமயத்தின் பெயராற் செய்த கொடிய கொலையைப் பற்றியது அது. அச்சமயத்தைச் சார்ந்த மாணவர் ஒருவர் எம் பந்தியில் அமர்ந்திருந்தார். அனைவர் கண்களும் அவர்மேற் சென்றன. “இதற்கு நீர் என்ன சொல்கிறீர்?” என்றார் ஒருவர். அவர் யாதும் கூறவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அவரை நோக்கிய கண்களுள் என் கண்களும் இருந்தன. அவர் எழுந்து போனதை ஒருவகை விடையாகவே அப்பொழுது யானும் கொண்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன்.

சில நாட்களுக்குப் பின் அவர் அறைக்குச் சென்றேன். என்ன பேசுவது எனத் தெரியாமல், “வீட்டில் அனைவரும் நலமா?” என்றேன். நெடுநேரம் கழித்து அவர் கூறினார்: “அச்செய்தி வந்ததிலிருந்து எங்கள் தந்தையார் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. செத்தவர்களை நினைத்து ஒரு நாள். வாடிக்கைக்காரர் என்ன கேட்பார்களோ என்று ஒரு நாள்.”

அவர் தந்தையார் அக்கொலையைக் கேட்டு வருந்தினார் என்பதை யாங்கள் அறியோம். அறிய முயன்றதும் இல்லை. பந்தியில் யாங்கள் வினவியது 1606-ஆம் ஆண்டு வினா. அவர் மௌனத்தை யாங்கள் உடன்பாடு எனக் கொண்டோம். அஃது அச்சமும் துயரமும் ஆகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் நாம் கொள்ளத்தக்கன மூன்று. முதலாவது, செயல் செய்தவனுக்கே உரியது. கொலைஞனைச் சட்டம் கடிதலில் இரக்கம் காட்டுதல் வேண்டா. அவன் பழியை அவன் அயலான்மேற் சுமத்துதலும் வேண்டா. இரண்டாவது, ஒரு சமயத்தார் அனைவர்க்கும் தானே வாய் என வெறியன் கூறுவானாயின், அதனை நம்பற்க. மூன்றாவது, எளிய விசுவாசியின் உள்ளத்தை அறிய விரும்பின், அவனிடமே அயலானாய்ச் சென்று வினவி, அவன் கூறும் விடைக்குச் செவிகொடுத்தல் வேண்டும்.

நாசரேத்தினின்றும் நன்மை யாதும் தோன்றுமோ என நாத்தான்வேல் ஐயுற்றபொழுது, பிலிப்பு அவனோடு வாதிடவில்லை. வந்து காணுமாறு அழைத்தான். நாத்தான்வேலும் தன் ஐயத்தோடு வீட்டில் இருந்துவிடவில்லை, எழுந்து சென்றான். சென்றமையாற் கண்டான். ஓர் ஊரைப் பற்றிய தப்பெண்ணத்தால் தன் மீட்பரையே இழந்திருக்க வேண்டியவன், பத்தடி நடந்தமையால் இழவாது தப்பினான்.

எம் விடுதியில் என் அறைக்கும் அந்நண்பர் அறைக்கும் இடையே இருப்பதும் பத்தடியே. அதனை நடக்க எனக்குச் சில நாட்கள் ஆயின. ஆங்கில நாட்டிற்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் ஆயின. கொற்கைச் செழியனோ நடக்கவேயில்லை. இதனைப் படிக்கும் அன்பர்கள் இன்றே நடப்பார்களாக.